பழைய ஜைரோபிளேன் பறக்குமா?

கேள்வி: மாமாவின் ஜைரோபிளேன் (தலைக்கு மேல் ரோட்டர் என்கிற சுழலும் பிளேடுகள் கொண்ட குட்டி விமானம்) கோத்தகிரி ஷெட்டில் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. இன்ஜின் ரோட்டாக்ஸ் 912, இன்னும் ஸ்டார்ட் ஆகிறது. பறக்கலாமா?

பதில்: ஸ்டார்ட் ஆவது பெரிய விஷயமில்லை சார். பறக்கும்போது மேலே உள்ள ரோட்டரைச் சுற்றுவது இன்ஜின் அல்ல, எதிர்க்காற்று. அதனால் உயிரே ரோட்டர் தலையில், அதாவது பிளேடுகள் மாட்டியிருக்கும் இடத்தில்தான். விமான மெக்கானிக்கை வைத்து நடு போல்ட்டைக் கழற்றச் சொல்லி விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டினால் புது போல்ட்தான், தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டுகிற நம்மூர் சாமர்த்தியம் இங்கே வேண்டாம். மலைப் பனி ஈரத்தில் அலுமினிய பிளேடில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுவும் அரிப்புதான். இன்ஜினின் ரப்பர் குழாய்களை, ஓடாமல் கிடந்தாலும், 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அப்புறம், கோத்தகிரி உயரத்தில் காற்று மெலிது, இன்ஜின் இழுவை குறையும். சோதனை ஓட்டத்தைச் சமவெளியில் வைத்துக்கொள்ளுங்கள், டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி வாங்கிய பிறகு.