பைனான்ஸ் கம்பெனி டெபாசிட்: ரிசர்வ் வங்கிப் பதிவு இருந்தால் போதுமா?

பெங்களூர் அல்சூர்ப் பக்கம் ஒரு பைனான்ஸ் கம்பெனி 18% வட்டி தருகிறது, ரிசர்வ் வங்கிப் பதிவும் இருக்கிறது, போடலாமா என்பது கேள்வி. வேண்டாம்.

பைனான்ஸ் கம்பெனி, அதாவது வங்கியல்லாத நிதி நிறுவனம் என்பது கடன் கொடுக்கும் கம்பெனி. அவற்றில் வெகு சிலவற்றுக்கே மக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி. அவையும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. காலம் 12 முதல் 60 மாதம். டெபாசிட் பிடிக்கப் பரிசுப்பொருளும் கொடுக்கக்கூடாது. வெள்ளிக்காசு நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இங்கே ஒரு ரூபாய்க்கும் கிடையாது. கொடுத்த கடன் வசூலாகாவிட்டால் அடி உங்கள் அசலில் விழும்.

பெங்களூரில் வெள்ளை போர்டு காருக்கும் ஆர்.சி. உண்டு. ஆனால் காசு வாங்கி ஆள் ஏற்ற மஞ்சள் போர்டு வேண்டும். இதுவும் அப்படித்தான். பதிவுச் சான்றிதழில் டெபாசிட் வாங்கும் அனுமதி இருக்கிறதா என்று படியுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் தேடுங்கள், புகாரும் அங்கேயே தரலாம். கவுன்டரில் நீட்டும் தாள் டெபாசிட் ரசீதா, கடன்பத்திரமா (கம்பெனிக்கு நீங்கள் கடன் கொடுத்ததற்கான பத்திரம், டெபாசிட் அல்ல) என்றும் பாருங்கள்.

பதிவு கொடுத்ததால் ரிசர்வ் வங்கி பணத்துக்கு ஜாமீன் நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது நிற்பதில்லை.