கான்கிரீட்டில் பதித்த வண்ணக் கண்ணாடியில் விரிசல்: சிலிக்கான் பூசாதீங்க

1960-கள்ல கட்டின அரங்கத்தோட வண்ணக் கண்ணாடிச் சுவர் விரிசல் விட்டிருக்கு, ஒப்பந்தக்காரர் சிலிக்கான் (ரப்பர் மாதிரி இறுகுற அடைப்புப் பசை) பூசிடலாம்கிறார்னு எழுதியிருந்தீங்க. அவசரப்படாதீங்க. அந்த ஒரு அங்குலக் கனக் கண்ணாடி பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். வியாதி சுத்தியிருக்கிற கான்கிரீட்டுல. தண்ணி இறங்கி உள்கம்பி துருப்பிடிச்சா, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்து கண்ணாடி விளிம்பையும் பேர்த்துடும். மேல பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும்.

விரிசலோரம் பழுப்புக் கறை கசிஞ்சிருக்கா? கான்கிரீட்டை (கண்ணாடியை இல்ல!) மெதுவாத் தட்டினா உள்ள காலியா இருக்கிற மாதிரி சத்தம் வருதா? அங்கதான் முதல் வேலை.

சரிசெய்யக் கண்ணாடியைக் கழற்றுறதுக்கு முன்னாடி துண்டுக்குத் துண்டு எண் போட்டுப் படம் எடுத்து வைங்க. பெர்லின் கைசர் வில்ஹெல்ம் புதுத் தேவாலயத்துல (1961) இதே மாதிரி கான்கிரீட்டுல பதிச்ச கண்ணாடி 20,000-க்கு மேல, ஞாபகத்தை நம்பினா முடியுமா?