டீக்கடை வதந்தியை நம்பி நெல்லை விற்றுவிடாதீர்கள்

வணக்கம் அண்ணே. மன்னார்குடி பக்கம் 3 ஏக்கர் சம்பா, களத்தில் நெல் கிடக்கிறது. ‘உலக வர்த்தக அமைப்பு தடை போடப் போகுது, கொள்முதல் நிலையத்தை மூடிடுவாங்க’ என்று வியாபாரி சொல்கிறார், இப்பவே அவருக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

வழக்கு, சண்டை இருப்பது உண்மைதான். வளரும் நாடுகள் ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு அதன் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த அமைப்பின் விதி. கூத்து என்னவென்றால், இன்றைய ஆதரவு விலையை 1986-88 கால விலையோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்த விலைக்கு இன்று டீசல்கூட வாங்க முடியாது! நெல்லுக்கு 2018-19இல் வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று இந்தியாவே 2020இல் தெரிவித்தது. ஆனாலும் 2013 பாலி மாநாட்டில் கிடைத்த ‘சமாதான விதி’ இருக்கிறது. நிரந்தரத் தீர்வு வரும்வரை, உணவுப் பாதுகாப்புக்கான கொள்முதலை எதிர்த்து மற்ற நாடுகள் வழக்குப் போட முடியாது. நிபந்தனைகள் உண்டு, அதெல்லாம் டெல்லியின் தலைவலி.

கரும்புக் கதை வேறு. கரும்புக்கு நாம் தரும் ஆதரவை எதிர்த்து அதே அமைப்பில் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா போட்ட வழக்கில் 2021இல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டு அமைப்பில் நீதிபதிகளே இல்லாததால் அது அப்படியே கிடக்கிறது.

உங்கள் நெல்லுக்கு ஆபத்து உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் இல்லை, ஈரப்பதத்தில்தான். வரம்பு 17 சதவீதம். போன தை மாதப் பனியில் எனக்கு 19 காட்டியது. தார்ப்பாயைக் காலையிலேயே எடுத்துவிட்டு, இரண்டு நாள் கிளறிக் காய வைத்த பிறகுதான் எடை போட்டார்கள். அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) நகலை இப்பவே விஏஓவிடம் வாங்கி வையுங்கள்.