2022-23 லீக் 2: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பிரான்சின் இரண்டாம் டிவிஷன் கால்பந்தான லீக் 2 பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு சீசனைத்தான் கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். லீக் 2 புள்ளிப் பட்டியலை ஜூன் மாதம் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கிளப்புகளின் கணக்கு வழக்கைப் பார்க்கும் டிஎன்சிஜி வாய் திறந்த பிறகுதான் அது உறுதியான பட்டியல்.

ஓரக்கோடு: பெரிய ஸ்டார் யாரும் இல்லாமல் லு ஆவ்ர் எப்படி சாம்பியன் ஆனது?

டிஃபென்ஸ்தான். 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 19, தோல்வி மூன்றே மூன்று. அடித்த கோல் 46, அதிலும் ஆறு ஆகஸ்டில் சென்-எத்தியெனை 6-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் வந்தவை. அப்படியென்றால் மீதி 37 ஆட்டத்துக்கு 40 கோல், ஆட்டத்துக்கு ஒன்று சொச்சம். அதை வைத்துக்கொண்டு 75 புள்ளி எடுக்க வேண்டுமென்றால் பின்னால் கதவு சாத்தியே இருக்க வேண்டும். கோலில் தெமாஸ், அவருக்கு முன்னால் சங்கான்ட்டே, கோத்தியே லோரிஸ் (ஆமாம், பிரான்சின் முன்னாள் கோல்கீப்பர் ஊகோ லோரிஸின் தம்பிதான்), நடுவில் லெகால். பயிற்சியாளர் லூகா எல்ஸ்னருக்கு அங்கே அதுதான் முதல் சீசன். கடைசி நாளிலும் அதே பாணி: டிஜோனுக்கு எதிராக 1-0. 2009இல் இறங்கிய கிளப் 14 வருடம் கழித்து முதல் டிவிஷனான லீக் 1க்கு மேலே போனது.

ஒன்பதாம் நம்பர்: அந்த சீசனில் அதிக கோல் யார்?

மெஸ் அணியின் ஜார்ஜ் மிகௌதாட்சே, 23.

பாதிநேரம்: மூன்றாவது வந்த போர்தோவுக்குப் பிளே-ஆஃப் ஏன் கிடைக்கவில்லை?

மூன்றாவது அணி மேலே ஏற இன்னொரு வாய்ப்பாக இருக்கும் பிளே-ஆஃப் ஆட்டமே அந்த வருடம் கிடையாது. லீக் 1ஐ 20 அணியிலிருந்து 18ஆகக் குறைக்கிறார்கள் என்பதால் மேலிருந்து நான்கு அணி இறங்கும், கீழிருந்து இரண்டுதான் ஏறும். லீக் 2இலிருந்து மூன்றாம் டிவிஷனுக்கும் நான்கு போகும். சீசன் முழுக்க எல்லோரும் அவ்வளவு பதற்றமாக ஆடியது இதனால்தான்.

போர்தோக்காரன்: ஒரே ஒரு ரசிகர் செய்ததற்கு ஒரு கிளப்பின் எதிர்காலத்தையே பலி கொடுத்தது நியாயமா? ஆட்டத்தைத் திரும்ப ஆடவிட்டிருக்கலாமே.

நடந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2023 ஜூன் 2, கடைசி நாள், போர்தோவின் சொந்த மைதானம். 22ஆவது நிமிடம் ரோடெஸ் அணியின் லூகா புவாத் கோல் அடித்துவிட்டு ஸ்டாண்டுப் பக்கம் ஓடுகிறார். ஒருவர் மைதானத்துக்குள் இறங்கி வந்து அவரைத் தள்ளிவிடுகிறார், ஆள் விழுகிறார். ரெஃப்ரி எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டார், ஆட்டம் திரும்பத் தொடங்கவே இல்லை. பிறகு ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஆட்டத்தை ரோடெஸுக்குக் கொடுத்தது, போர்தோவிடமிருந்து ஒரு புள்ளியும் வெட்டப்பட்டது.

என் கருத்து: தீர்ப்பு சரி. சொந்த மைதானத்தில் பாதுகாப்பு அந்தக் கிளப்பின் பொறுப்பு. திரும்ப ஆடலாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், தோற்கிற அணியின் ரசிகர் எவரும் உள்ளே குதித்து ஆட்டத்தைப் புதிதாக வாங்கிவிடலாம்.

போர்தோக்காரன்: புவாத் நடித்தார். லேசாகத்தானே தள்ளினார்கள்.

வேலை செய்கிற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உங்களைத் தள்ளிவிட்டால், எவ்வளவு பலமாகத் தள்ளினார் என்று அளந்தா பேசுவீர்கள்? இதை இதற்கு மேல் விவாதிக்க நான் தயாராக இல்லை.

பாதிநேரம்: ஆனால் போர்தோ அன்று ஜெயித்திருந்தால் ஏறியிருக்குமே?

இதைத்தான் எல்லோரும் தவறாகச் சொல்கிறார்கள். அன்று காலை மெஸ் 69, போர்தோ 69, கோல் வித்தியாசத்தில் மெஸ் முன்னால். மெஸ் பஸ்தியாவை 3-2 என்று ஜெயித்து 72க்குப் போய்விட்டது. போர்தோ ஜெயித்திருந்தாலும் அதே 72தான், ஆகவே சாதாரண வெற்றி போதாது, கோல் மழை பொழிந்திருக்க வேண்டும். போர்தோ சீசனைக் கோட்டைவிட்டது அதற்கு முந்தைய வாரம், ஆன்சியில் தோற்றபோது.

நடுக்களம்: மூன்றாவது அணிக்குப் பிளே-ஆஃப் இல்லையா?

மேலே சொல்லியாயிற்று.

மஞ்சள் அட்டை: ஆன்சி இறங்கியதா இல்லையா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறது.

நல்ல கேள்வி. புதிதாக ஏறி வந்த சின்ன அணி, பிரெஞ்சுக் கோப்பையில் மார்செய்யை அதன் சொந்த மைதானத்திலேயே பெனால்டியில் வெளியேற்றி அரையிறுதி வரை போனது. லீக்கில் அந்த ஆட்டம் ரோடெஸுக்குப் போனதால் அது ஆன்சியை முந்தியது, ஆன்சி 17ஆவது, அதாவது வெளியே. போர்தோவைத் தோற்கடித்த அணியே போர்தோ மைதானத்தில் நடந்த கலாட்டாவில் இறங்குகிற நிலை! அப்புறம்தான் சோஷோ விவகாரம். 1928இல் பெஜோ கார் கம்பெனி தொடங்கிய கிளப், பிறகு சீன ரியல் எஸ்டேட் குழுமத்தின் கைக்குப் போய், பணம் வராமல் நின்றுவிட்டது. டிஎன்சிஜி அதை மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கியது, காலியான இடத்தில் ஆன்சி தங்கியது. சோஷோ அழியாமல் இருப்பதற்கு உள்ளூர்க்காரர்களும் பணம் திரட்டிய ரசிகர்களும்தான் காரணம். நான் டிஎன்சிஜி, டிஎன்சிஜி என்று கத்துவது இதற்காகத்தான்.

கார்னர்: சென்-எத்தியென் ஏன் மைனஸில் தொடங்கியது?

2022 மே மாதம், லீக் 1இல் தங்குவதற்காக ஒசேருடன் நடந்த பிளே-ஆஃபில் தோற்றதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள். மூன்று புள்ளி வெட்டு. பத்து முறை சாம்பியனான கிளப், எட்டாவதாக முடித்தது.

லெஃப்ட் விங்: எம்பாப்பே பற்றி?

இது லீக் 2. வேறு இடத்தில் கேளுங்கள்.

கோல் கிக்: பிளே-ஆஃப்...

இல்லை.

போர்தோக்காரன்: சரி, அதன் பிறகு என்ன ஆனது என்றாவது சொல்லுங்கள்.

2022 கோடையிலேயே டிஎன்சிஜி போர்தோவை மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கி, பிரெஞ்சு சம்மேளனம் காப்பாற்றியது நினைவிருக்கும். 2024 ஜூலையில் காப்பாற்ற யாரும் இல்லை. தொழில்முறை அந்தஸ்தையே விட்டுக்கொடுத்து நான்காம் டிவிஷனுக்குப் போனது. ஆறு முறை பிரெஞ்சு சாம்பியன். இதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு.