ஸ்டெஃபி கிராஃபின் பேக்ஹேண்ட் – கடிதம்

வணக்கம்,

ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃப் ஆடிய பழைய ஆட்டங்களைப் பார்த்துவருகிறேன். பேக்ஹேண்டில் (மட்டை பிடித்த கைக்கு மறுபக்கம் வரும் பந்தை அடிப்பது) பெரும்பாலும் ஸ்லைஸ்தான் (பந்தின் அடிப்பகுதியை வெட்டுவதுபோல் அடிப்பது) போடுகிறார். டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழலும்படி அடிப்பது) வராததால்தான் அப்படி என்கிறார்கள் நண்பர்கள். இப்படியொரு ஓட்டையை வைத்துக்கொண்டு 22 கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள் எப்படிச் சாத்தியம்? அவருடைய போட்டியாளர் மோனிகா செலஸுக்குக் கத்திக்குத்து விழாமலிருந்தால் இத்தனை கிடைத்திருக்காது என்பது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டாப்ஸ்பின் பேக்ஹேண்ட் அவருக்கு வரும். எதிராளி வலைக்கு ஏறி வந்தால் அவரைத் தாண்டி அடிக்க அதையும் எடுப்பார். பேஸ்லைனில் (ஆடுகளத்தின் பின்கோட்டில்) நின்று ஆடும்போது ஸ்லைஸையே நம்பியதற்குக் காரணம் அவருடைய ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கைப்பக்கத்து அடி.

ஸ்லைஸ் மெதுவாகப் பறக்கும். அந்த அவகாசத்தில் கிராஃப் இடம் மாறிவிடுவார். விழுந்த பந்து எழும்பாமல் வழுக்கிப் போகும். விம்பிள்டன் புல்தரையில் முழங்காலுக்கு மேலே வராது. எதிராளி அதைக் கீழிருந்து தூக்கித்தான் அனுப்பியாக வேண்டும், தூக்கிய பந்தில் வேகம் இருக்காது. அது மறுபடி பேக்ஹேண்ட் பக்கம் வந்தால் கிராஃப் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டால் அறைவார். அநேகமாகப் புள்ளி அத்தோடு முடியும்.

இதைப் பார்த்து ஆட முயல்பவர்கள் கோட்டை விடுவது கால்களில். இடது மூலையில் நின்று ஃபோர்ஹேண்ட் அடித்தால் வலப்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். அங்கே பாய்ந்துபோய் ஓட்டத்திலேயே திருப்பியடிக்கும் வேகம் கிராஃபுக்கு இருந்தது. இன்னொரு தவறு, மட்டையின் முகத்தை அளவுக்கு மீறி மேல்நோக்கித் திறப்பது. பந்து மிதந்துபோய், எதிராளி அடிக்கத் தோதாக எழும்பும். கிராஃப் தோளுயரத்திலிருந்து கீழ்முகமாக வெட்டி, மட்டையை முன்னால் நீளமாகக் கொண்டுபோவார். பந்து வலையை ஒட்டிக் கடந்து ஆழமாக விழும்.

1988இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களோடு சியோல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். சக்கர நாற்காலி டென்னிஸைத் தவிர்த்தால் ஒற்றையரில் வேறு யாரும் ஒரே ஆண்டில் இதைச் செய்ததில்லை. பாரிஸ் (பிரெஞ்சு ஓபன்) இறுதியில் ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று துடைத்தெடுத்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது விம்பிள்டன் இறுதிதான். எதிரே நின்றவர் முந்தைய ஆறு ஆண்டும் அங்கே தொடர்ந்து வென்ற நவ்ரத்திலோவா. 5-7, 0-2 என்று பின்தங்கிய கிராஃப் அடுத்த 13 கேம்களில் 12ஐ எடுத்தார்.

செலஸ் விஷயத்தில் நீங்கள் கேட்டதில் பாதி சரி. செலஸ் இருபுறமும் இரு கைகளால் அடிப்பவர், பந்து எழும்போதே எடுத்துவிடுவார். கிராஃபுக்கு ஸ்லைஸ் வாங்கிக்கொடுக்கும் அவகாசத்தை அவர் பறித்துவிட்டார். 1990, 1992 பாரிஸ் இறுதிகளும் 1993 மெல்போர்ன் (ஆஸ்திரேலிய ஓபன்) இறுதியும் செலஸுக்கே. ஆனால் 1992 விம்பிள்டன் இறுதியில் கிராஃப் 6-2, 6-1 என்று வென்றார். புல்தரையில் அந்தத் தாழ்ந்த பந்துக்குச் செலஸிடமும் பதில் இல்லை.

1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்க்கில் செலஸ் குத்தப்பட்டபோது கிராஃபிடம் 11 பட்டங்கள், செலஸிடம் 8. மீதி 11 அதற்குப் பிறகு வந்தவை. அவற்றில் சில, குறிப்பாகப் பாரிஸிலும் மெல்போர்னிலும், செலஸுக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். விம்பிள்டன் பட்டங்கள் ஏழும் கிராஃபிடமே இருந்திருக்கும்.

1995, 1996 அமெரிக்க ஓபன் இறுதிகளில் கிராஃப் செலஸை வென்றதைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டுவார்கள். அது நியாயமில்லை. இரண்டே கால் ஆண்டு மட்டையோடு களமிறங்காமல் இருந்துவிட்டு வந்தவர் செலஸ்.