தும்புத்தூள் பையில் தக்காளியின் அடி கறுப்பது ஏன்?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன். ஏழு பேர்ச் காணியிலுள்ள வீட்டின் பின்னால் பொலித்தீன் கூரை போட்டு, 20 பைகளில் தும்புத்தூள் (தேங்காய் நார்த் தூள்) நிரப்பித் தக்காளி வைத்தேன். காய்களின் அடி கறுத்து அமுங்குகிறது. கீழ் இலைகளில் நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள். கடையில் பூஞ்சண மருந்து தந்தார்கள். மூன்று தரம் அடித்தும் நிற்கவில்லை. தேயிலைப் பசளையும் ஒரு பிடி போட்டேன். நாளுக்கு மூன்று முறை, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் ஊற்றுகிறேன்.

பதில்: சகோதரி, முதலில் மருந்தை நிறுத்துங்கள். பூ உதிர்ந்த நுனி மட்டும் தோல்போலக் காய்ந்து கறுத்தால் அது பூஞ்சணம் அல்ல, கல்சியக் குறை. மஞ்சள் இலை மக்னீசியக் குறை. இதைப் பார்த்ததும் மருந்துப் போத்தலை நீட்டுகிற கடைக்காரர்களை மலையகம் முழுக்கப் பார்த்துவிட்டேன். காயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த ஒருவரைக்கூடக் காணவில்லை.

தும்புத்தூள் மண் அல்ல. தேங்காய் மட்டையிலிருந்து வரும்போதே அதில் பொட்டாசியமும் உப்பும் ஏறியிருக்கும். நீங்கள் கொடுக்கும் கல்சியத்தைத் தூள் பிடித்துக்கொண்டு, பொட்டாசியத்தை அவிழ்த்துவிடும். வெறும் தண்ணீரில் எத்தனை தரம் அலசினாலும் மேலோட்டமான உப்புத்தான் போகும். நம் பீலித் தண்ணீரும் மென்மையானது, அதில் கல்சியம் சொற்பம். அதன்மேல் தேயிலைப் பசளையா! அதிலுள்ள எப்பாவலப் பாறைப் பொஸ்பேற்று அமிலத்தன்மையுள்ள தேயிலை மண்ணில் மெல்லக் கரைவதற்கானது, பையில் சும்மா கிடக்கும். அதிலுள்ள பொட்டாசோ, ஏற்கெனவே பொட்டாசியம் மிஞ்சிய பையில், எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கழுவிப் பதப்படுத்திய நல்ல தூள் கப்பலேறுகிறது. குருநாகலிலிருந்து லொறியில் நமக்கு வரும் அழுத்திய தும்புத்தூள் கட்டியில் உப்பளவு எழுதியிருக்காது. கேட்டால் "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்பார்கள். உள்ளூரில் விற்பதற்கும் உப்பளவை அச்சடி என்று கட்டாயப்படுத்த யாருக்கும் நேரமில்லை போலும்.

இப்போது செய்யவேண்டியது: லீற்றருக்கு 1 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்து, அடியால் வழியும்வரை ஒருநாள் ஊற்றுங்கள். மறுநாள் அல்பேர்ட் கரைசல் (பல சத்துகள் கலந்த பசளைக் கரைசல்), பக்கெற்றில் சொன்னதில் பாதி. அடுத்தநாள் திரும்பக் கல்சியம். வாரம் ஒருமுறை லீற்றருக்கு அரைக் கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் தருவது), தனியாக. ஒரு லீற்றர் ஊற்றினால் ஒரு தேநீர்க் கோப்பை அளவாவது அடியால் வரவேண்டும், இல்லாவிட்டால் உப்பு தேங்கும். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். புதுக் காயில்தான் பலன் தெரியும். அடுத்த போகத்துக்கு 5 கிலோக் கட்டியை 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்த தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, வடித்து அலசிவிட்டு நிரப்புங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மேல்தூளை நம்பாதீர்கள். மேலே காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே சொதசொதவென்றிருக்கும். பையைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

ஆனால் மூடுபனிக் காலம் வேறு. ஜூன், ஜூலையில் ஹட்டனில் நாலைந்து நாள் வெயிலே வராது. இலை வியர்த்தால்தான் செடி தண்ணீர் இழுக்கும், தண்ணீரோடுதான் கல்சியம் மேலே ஏறும். பனிக்குள் இலை வியர்க்காது. அப்போது பையில் கல்சியம் நிறைய இருந்தாலும் காய் கறுக்கும். கல்சியம் போதவில்லை என்று இன்னும் கரைத்து ஊற்றினால் வேர்தான் அழுகும். அந்த நாட்களில் ஊற்றவே வேண்டாம். கூரையின் இரு பக்கத்தையும் சுருட்டிக் காற்று விடுங்கள், கீழ் இலைகளைக் கழியுங்கள். வெயில் வந்ததும் பழைய முறைக்குத் திரும்பலாம்.

கல்சியம் நைத்திரேற்றை மூட்டை பிரித்துச் சில்லறையாக விற்பவர்களிடம் கவனம். சுண்ணாம்பையும் டொலமைற்றையும் "கல்சியம்" என்று கட்டிக் கொடுப்பார்கள். வாங்குமுன் ஒரு கரண்டியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். அசலானது முழுக்கக் கரையும், குவளை கைக்குச் சில்லிடும். பாலாகக் கலங்கி அடியில் படிந்தால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.