ஸ்டீயரிங் ஆடுகிறது, பூட்டிக்கொள்கிறது: வேறு கார் கேட்க முடியுமா?

கேள்வி: புது கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் லேசாக ஆடுகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்கிறது. சில நாள் காலையில் சாவியே திரும்புவதில்லை. ஒரு மாதமாக ஓட்டும்போதும் லூஸாகத் தெரிகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போயும் “எல்லா வண்டியும் இப்படித்தான் சார்” என்கிறார்கள். வேறு கார் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: சர்வீஸ் சென்டர் சொன்னதில் பாதி சரி. சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் பள்ளத்தில் ஒரு சிறிய முளை விழுந்து பூட்டுகிறது. வண்டியைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பள்ளம் முளைக்கு நேராக வரும்வரை ஸ்டீயரிங் கொஞ்சம் நகரத்தான் செய்யும். சக்கரத்தைத் திருப்பிய நிலையில் நிறுத்தினால் முளை இறுகிக்கொள்ளும், சாவி திரும்பாது. ஸ்டீயரிங்கை லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். இதைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இருக்காது.

ஓட்டும்போது இருக்கும் ஆட்டம் வேறு விஷயம், உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னதால்தான் ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 98-இன்படி ஸ்டீயரிங்கின் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. நீங்களே ஒருமுறை பார்த்துவிடலாம். சமதளத்தில் சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி, டேப் மொத்தம் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து, வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 30 டிகிரி என்பது ஏறக்குறைய 10 செ.மீ. அது சட்டத்தின் உச்ச வரம்புதான். தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவு பொதுவாக இதைவிடக் குறைவு, அதனால் 10 செ.மீ. வரவில்லையே என்று விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதி சர்வீஸ் சென்டர் கையெழுத்து வாங்கும் தாள். உங்கள் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் இருந்தால், காகிதத்தில் நீங்கள் புகாரே செய்யவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை “ஓட்டும்போது ஸ்டீயரிங்கில் ஆட்டம்” என்று எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். எழுத மறுத்தால் அன்றே டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

வேறு கார் கிடைக்குமா? சுலபமில்லை. கிளட்ச் தொடர்பான ஒரு கார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றத்தானே ஒழிய, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. ஸ்டீயரிங் ஆட்டத்துக்குக் காரணம் ஸ்டீயரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் பாகங்களான டை ராடோ ரேக்கோ என்றால், அதை இலவசமாக மாற்றுவதும் அலைச்சலுக்கு இழப்பீடும்தான் எதிர்பார்க்கக்கூடியவை. பாகத்தை மாற்றியும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கார் மாற்று அல்லது பணம் திருப்பம் என்ற கோரிக்கைக்கு வலு வரும். அப்போதும் நிபுணர் அறிக்கை வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38-இன்கீழ் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேட்கலாம். அதற்கான கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லக்கூடும்.

முதலில் டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கேதான். கார் எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கால வரம்பு இரண்டு ஆண்டு.

அதுவரை அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஆபத்தான கோளாறு என்று தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-இல் குற்றம். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலே உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சியாகிவிடும். கட்டி இழுத்துவரும் வண்டியை அனுப்பச் சொல்லுங்கள், அந்தக் கோரிக்கையும் எழுத்தில் இருக்கட்டும்.

கார் யார் பெயரில், எதற்காக வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. வணிக நோக்கத்துக்கு என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று முதல் ஆட்சேபம் வரும். பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வாடகை வண்டி என்றால் சட்டம் விலக்குத் தருகிறது. புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.